கண் பிதுங்கிய திலாப்பியாவுக்கு இப்போது ஊசி வேண்டாம்

கேள்வி: பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் நான்கு வலைக்கூண்டு போட்டுச் சிவப்புத் திலாப்பியா வளர்க்கிறோம். கூண்டு ஒவ்வொன்றும் 10 அடிக்கு 10 அடி, ஆழம் 8 அடி. கூண்டுக்கு 1,000 மீன். இப்போது சராசரி 250 கிராம் இருக்கும். மூன்று வாரமாகக் கண் பிதுங்கி, சிலதுக்குக் கண் வெள்ளை பூத்து, தலை சுற்றியது போல வட்டமடித்துச் சாகின்றன. முதலில் நாளுக்கு நாலைந்து, இப்போது இருபது. தீவனக் கடையில் கொடுத்த மருந்துப் பொடியை ஐந்து நாள் கலந்து போட்டேன். சாவு குறைந்தது, நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. போன வருடமும் சீனப் பெருநாள் முடிந்து வெயில் ஏறியதும் இதே கதைதான், 900 மீன் போனது. மத்தியானம் தண்ணீர் 32 டிகிரி. ஒருவர் மீன் தடுப்பூசி என்று ஒரு பாட்டிலைக் காட்டி, எல்லாவற்றுக்கும் போட்டால் சாவு நின்றுவிடும் என்கிறார். கோழிப் பண்ணையில் வேலை செய்யும் என் தம்பி மகன், அங்கே மிச்சமாகும் ஊசி மருந்தைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறான். தீவனத்தில் கலக்கும் தடுப்பு மருந்தும் இருக்கிறதாமே? எது நல்லது, எப்படிப் போடுவது, போட்ட மீனைச் சாப்பிடலாமா? மீனைக் கிலோ 11 வெள்ளிக்கு எடுக்கிறார்கள். 20 கிலோ தீவன மூட்டை 100 வெள்ளி.
— பீடோர் வாசகி

பதில்: வணக்கம் அம்மா. இப்போது கூண்டில் இருக்கும் மீனுக்கு ஊசி போடாதீர்கள். தடுப்பூசி நல்லதுதான், உங்களுக்குத் தேவையானதும்தான். ஆனால் அது அடுத்த குஞ்சுக்கு.

தடுப்பூசி மருந்து இல்லை. கொன்ற கிருமியை மீனின் உடம்புக்குக் காட்டி, "இவன் வந்தால் அடி" என்று பழக்குகிற வேலை அது. பழக நாள் பிடிக்கும். குளிர்நாட்டுச் சால்மன் பண்ணைகளில் இதை டிகிரி-நாளில் கணக்கிடுவார்கள்: தண்ணீர் வெப்பத்தையும் நாளையும் பெருக்கினால் ஏறத்தாழ 500 வர வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் 28 டிகிரி என்றால் 18 நாள். நாளுக்கு இருபது செத்துக்கொண்டிருக்கும் கூண்டில் அந்த 18 நாள் உங்களிடம் இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இந்த நிலையில் உங்கள் கூண்டில் நன்றாக நீந்துகிற மீனில் பாதிக்குக்கூட மூளையிலும் சிறுநீரகத்திலும் கிருமி குடியேறியிருக்கலாம். அவற்றை வலையில் அள்ளி, மயக்கி, கையில் பிடித்துக் குத்தினால் அந்த அதிர்ச்சியிலேயே மூன்று நாலு நாளில் நோய் வெளியே வரும். போதாததற்கு நோயுள்ள மீனில் ஏறிய ஊசிமுனை அடுத்த ஐநூறு மீனுக்கும் கிருமியைக் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். "ஊசி போட்டேன், எல்லாம் செத்துப்போச்சு" என்று மீன் தடுப்பூசிக்கு வந்திருக்கும் கெட்ட பெயரில் பெரும்பங்கு இப்படி நோய் நடுவில் போட்டதால் வந்தது.

கோழி மருந்து பற்றி: வேண்டாம். கோழித் தடுப்பூசிகள் கோழியின் கிருமிகளுக்கு, பெரும்பாலும் வைரஸ்களுக்குச் செய்தவை. மீனுக்கு ஒரு பைசா பயன் இல்லை, குத்திய காயம்தான் மிச்சம்.

அந்தப் பாட்டில்காரரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். எந்தக் கிருமிக்கு, அதில் எந்த வகைக்கு? தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் எங்கே? உங்கள் கைக்கு வரும்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா? மலேசியாவில் பதிவு உண்டா? நான்கில் ஒன்றுக்கு இழுத்துப் பதில் சொன்னாலும் வாங்காதீர்கள். நோய் நடந்துகொண்டிருக்கும் கூண்டுக்கே போடச் சொல்கிறாரே, அதிலேயே அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று தெரிகிறது.

இனி நோய். நீங்கள் எழுதியதைப் படித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற கிருமிதான் முதலில் நினைவுக்கு வரும், சுருக்கமாக ஸ்ட்ரெப். கிருமி மூளை உறையில் வீக்கம் உண்டாக்குகிறது, அதனால்தான் மீன் வட்டமடிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் நீர் கோத்துக் கண்ணை வெளியே தள்ளுகிறது. 100 கிராமுக்கு மேல் வளர்ந்த மீனைத்தான் அதிகம் பிடிக்கும்; தீவனத்தையெல்லாம் தின்று முடித்த பிறகு சாவதால்தான் வயிறு எரிகிறது. தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டினால் கிருமி வேகமாகப் பெருகும், அதே சூட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். நம் நாட்டில் 1990களின் கடைசியில் பகாங் ஆற்றுக் கூண்டுகளில் தெரிய வந்த நோய் இது. பிறகு ஏரிக் கூண்டுகளுக்கும் பரவியது.

ஆனால் தோற்றத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஏரோமோனாஸ் கிருமியும் கண்ணைப் பிதுக்கும், வயிற்றில் நீர் சேர்க்கும். 2017-இல் மலேசியாவிலும் தெரிய வந்த திலாப்பியா ஏரி வைரஸும் கண்ணைக் கெடுக்கும், தோலைப் புண்ணாக்கும். வைரஸ் என்றால் பொடியும் பயனில்லை, ஸ்ட்ரெப் தடுப்பூசியும் பயனில்லை. சாகும் தறுவாயில் உள்ள ஒரு மீனை வெட்டிப் பாருங்கள். மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் ரவை சிதறியது போல வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருந்தால் பிரான்சிசெல்லா என்ற இன்னொரு கிருமி என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் அது குளிர்ந்த தண்ணீரில் வரும் நோய், உங்கள் 32 டிகிரிக்குப் பொருந்தாது.

ஆகவே முதல் செலவு ஆய்வகத்துக்கு. ஏற்கெனவே செத்து மிதப்பது உதவாது, நம் சூட்டில் சில மணி நேரத்தில் வேறு கிருமிகள் ஏறிவிடும். வட்டமடிக்கிற, இன்னும் செவுள் அசைகிற மீன் ஐந்தாறு பிடியுங்கள். தடித்த பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், இறுக்கிக் கட்டி ஐஸ் பெட்டியில். உயிரோடு கொண்டுபோக முடியாவிட்டால் பையில் போட்டு ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். உறைய வைத்தால் கிருமியை வளர்த்தெடுப்பது கடினமாகும். மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த மாதிரியிலும் கிருமி வளராமல் போகலாம், அதனால் பொடி நிறுத்தி எத்தனை நாள் என்பதைச் சீட்டில் எழுதுங்கள். மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகம் வழியாகப் போகலாம். பினாங்கு பத்து மாவுங்கில் துறையின் தேசிய மீன் சுகாதார ஆய்வு மையம் இருக்கிறது. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவிலும் மீன் நோய்க்கென்று ஆட்கள் உண்டு. மூளையிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் கிருமி எடுத்து வளர்க்கச் சொல்லுங்கள். இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: எந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கும்? இது எந்த வகை?

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். திலாப்பியாவைத் தாக்கும் அகலாக்டியேவில் முக்கியமாக மூன்று வகை உண்டு: 1ஏ, 1பி, 3. ஒரு வகையை வைத்துச் செய்த தடுப்பூசி இன்னொரு வகையைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. பூட்டு தெரியாமல் சாவி வாங்கினால் எப்படி? அறிக்கையில் வகை இருந்தால்தான் பாட்டில்காரரிடம் பேச முடியும்.

அறிக்கை வரும்வரை கூண்டில் செய்ய வேண்டியது. தீவனத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறையுங்கள், சாவு ஏறும் நாளில் முழுதாக நிறுத்துங்கள். தின்று செரிக்க மீனுக்கு ஆக்சிஜன் வேண்டும், சூட்டு நாளில் அதுதான் பற்றாக்குறை. தீவனம் குறைந்தாலே சாவு குறைவதைப் பார்ப்பீர்கள். செத்த மீனைக் காலையும் மாலையும் எடுத்துவிடுங்கள். கூண்டுக்குள்ளேயே கிடந்தால் மற்றவை கொத்தும், கிருமி சுற்றிக்கொண்டே இருக்கும். கரையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள், குட்டையிலேயே வீசாதீர்கள். ஒவ்வொரு கூண்டுக்கும் தனிக் கைவலை வையுங்கள். பாசி அடைத்த கூண்டு வலையைத் தேய்த்துவிடுங்கள், ஆனால் நோய்க் கூண்டைக் கடைசியில் தொடுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு ஆக்சிஜன் அளக்க ஒருவரைப் பிடியுங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எந்த மருந்தும் எடுபடாது. ஓடாத ஈயக்குட்டைத் தண்ணீரில் கூண்டுக்கு 1,000 அதிகம். அரைக் கிலோ ஆகும்போது கூண்டுக்குள் 500 கிலோ மீன் நிற்கும். அடுத்த முறை 700 போதும்.

அந்தப் பொடி போட்டதும் குறைந்த சாவு, நிறுத்தியதும் ஏன் திரும்ப வந்தது என்று சொல்கிறேன். மருந்து தீவனத்தோடுதான் உள்ளே போகிறது, நோய் முற்றிய மீன் தீவனத்தைத் தொடுவதில்லை. தின்கிற மீனுக்குச் சாவு தள்ளிப்போகிறது, தின்னாத மீன் கிருமியைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மூளைக்குள் போன கிருமியை மருந்து எட்டுவதும் கடினம். பொடியின் பெயரை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டும் உணவு விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டவை. அதுவாக இருந்தால் அந்த மீனை விற்கவே கூடாது. வேறு மருந்தென்றாலும் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதை மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே மீன் லோரி ஏற்றுங்கள்.

சரி, தடுப்பூசி. மீனுக்கு அது உண்மையிலேயே வேலை செய்யுமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். நார்வேயைப் பாருங்கள். 1987-இல் அங்கே சால்மன் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் நுண்ணுயிர்க்கொல்லி போட்டன. நல்ல ஊசிகள் வந்த பிறகு, மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும், இப்போது ஆண்டுக்கு ஒரு டன்கூட இல்லை.

போடும் வழி மூன்று. முக்கி எடுப்பது எளிது: ஒரு லிட்டர் மருந்தை ஒன்பது லிட்டர் தண்ணீரில் கலந்து, குஞ்சுகளை அரை நிமிடம் முக்கி எடுத்தால் 100 கிலோ குஞ்சு வரை முடித்துவிடலாம். அமெரிக்காவில் 1976-இல் உரிமம் பெற்ற முதல் மீன் தடுப்பூசி டிரவுட் மீனின் வாய்ச்சிவப்பு நோய்க்கானது; அந்த நோய்க்கும் கடல்மீனின் விப்ரியோவுக்கும் முக்கியெடுப்பது நன்றாகவே பிடிக்கும். ஸ்ட்ரெப்புக்கு அவ்வளவு பிடிப்பதில்லை.

தீவனத்தில் கலப்பதுதான் கேட்க இனிமையானது. மீனைத் தொட வேண்டாம், கூலி வேண்டாம், கூண்டிலேயே போடலாம். செர்டாங் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திலாப்பியாவின் ஸ்ட்ரெப் நோய்க்கே இப்படி ஒரு தீவனத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறார்கள். நம் செம்பனை எண்ணெயையே துணைப்பொருளாகக் கலந்தும் தீவன மருந்துகளைச் சோதித்திருக்கிறார்கள். தடை எங்கே என்றால் திலாப்பியாவின் வயிற்றில். பாசியின் சுவரையே உடைக்கும் அமிலம் அது. மருந்தை வெறுமனே கலந்தால் குடலுக்குப் போய்ச் சேருவதற்குள் கரைந்துவிடும். அதனால்தான் எண்ணெய், பூச்சு, திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஊக்க மருந்து எல்லாம் தேவைப்படுகின்றன. பெரிய மீன் நிறையத் தின்னும், ஒடுங்கிய மீன் கொஞ்சம் தின்னும், அளவும் ஒரே மாதிரி போகாது. லட்சக்கணக்கில் மீன் வைத்திருப்பவருக்கும், கூண்டில் இறக்கிய பிறகு பாதுகாப்பைப் புதுப்பிக்க நினைப்பவருக்கும் அது சரி. 4,000 மீன் வைத்திருக்கும் உங்களுக்கு என் ஆலோசனை ஊசிதான். ஒரு தடவை, ஒவ்வொரு மீனுக்கும் ஒரே அளவு, எண்ணெய் கலந்த மருந்தென்றால் ஐந்தாறு மாத வளர்ப்புக்குப் பெரும்பாலும் தாங்கும்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உங்களுக்கு வெயில் தொல்லை சீனப் பெருநாளுக்குப் பிறகு. ஜனவரி கடைசியில் குஞ்சு கூண்டில் இறங்க வேண்டும் என்றால், ஜனவரி முதல் வாரத்தில் ஊசி, டிசம்பர் கடைசி வாரத்தில் குஞ்சு கரைத் தொட்டிக்கு வந்திருக்க வேண்டும். ஊசி போட்ட கையோடு கூண்டில் விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு ஏறுவதற்குள் குட்டையின் கிருமி முந்திக்கொள்ளும். கூண்டுக்கு 700 என்று குறைத்தால் மொத்தம் 2,800 குஞ்சுதான்; ஆனாலும் உங்கள் இப்போதைய 4,000-ஐ வைத்தே கணக்குச் சொல்கிறேன், அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். 25 கிராம் குஞ்சு 4,000 என்றால் 100 கிலோ. மூன்று வாரத்தில் அது 200 கிலோவை நெருங்கும். 12 அடி விட்டக் கான்வாஸ் தொட்டி ஒன்று, மூன்றடித் தண்ணீரில், காற்றுக் குழாய் நிற்காமல் ஓடினால் சமாளிக்கும். இரண்டு இருந்தால் நிம்மதி. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். இந்த நெருக்கத்தில் ஒரு மணி நேரம் காற்று நின்றால் தடுப்பூசிக்கு வேலையே இருக்காது.

குஞ்சு 15 கிராமுக்குக் கீழே வேண்டாம், 20 முதல் 30 கிராம் தோது. வந்ததும் பத்து நாள் பாருங்கள். சாவு, சுற்றல், தோல் புண் எதுவும் இல்லாமல், போட்ட தீவனத்தைப் பாய்ந்து தின்றால்தான் ஊசி. அளவு பிரித்து ஒரே பருமனாக நிறுத்துங்கள். 15 கிராமும் 40 கிராமும் கலந்திருந்தால் ஒரே ஊசி நீளம் இரண்டுக்கும் சரிவராது. ஊசிக்கு முந்தைய 24 மணி நேரம் தீவனம் கிடையாது. நிறைந்த குடல் ஊசி வழியில் வந்து நிற்கும்.

திலாப்பியாவுக்கான எண்ணெய் ஊசியில் மீனுக்கு 0.05 மில்லி என்பது வழக்கமான அளவு. பாட்டில் சீட்டில் உள்ளதே இறுதி. அந்தக் கணக்கில் 4,000 மீனுக்கு 200 மில்லி. 500 மில்லி பாட்டில் 10,000 மீனுக்கு வரும். திறந்த பாட்டிலை அன்றே முடிக்க வேண்டும், மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு வைக்க முடியாது. அக்கம்பக்கத்தில் குஞ்சு விடுபவர் யாராவது இருந்தால் ஒரே நாளில் சேர்ந்து போடுங்கள். பாட்டிலை ஐஸ் பெட்டியில் கொண்டுவரும்போது ஐஸ் கட்டி நேராகத் தொடக்கூடாது, துணி சுற்றுங்கள். உறைந்தால் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து மருந்து கெட்டுவிடும். போடுவதற்கு முன் அறைச் சூட்டுக்கு வரவிட்டு நன்றாகக் குலுக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், ஊசியில் இறங்காது, கை வலிக்கும், அளவு குறையும்.

பீச்சாங்குழல் தானாக நிரம்பும் வகையாக இருக்கட்டும். அதன் திருகைச் சரியான அளவுக்கு வைத்த பிறகு நம்பாதீர்கள், சோதியுங்கள்: 20 முறை அழுத்தி ஒரு சிறு அளவுக் குழாயில் விட்டால் சரியாக 1 மில்லி வர வேண்டும். காற்றுக் குமிழி இருந்தால் குறையும். ஒவ்வொரு ஐநூறு மீனுக்கும் இதைத் திரும்பப் பாருங்கள். குழலைக் கொதிநீரில் வேகவைத்துச் சுத்தம் செய்யுங்கள், கிருமிநாசினி ஊற்றிக் கழுவினால் அதன் மிச்சம் மீன் வயிற்றில் போய்ச் சுடும்.

மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய். தண்ணீரில் நேராகக் கரையாது. 1 மில்லி எண்ணெயை 9 மில்லி எத்தனாலில் கலந்து குலுக்கி, 20 லிட்டர் தண்ணீரில் விடுங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஆகும். கடைக்குக் கடை எண்ணெயின் வீரியம் மாறும், அதனால் முதலில் ஐந்து மீன் மட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் புரண்டு, வாலைக் கிள்ளினால் துள்ளாமல், செவுள் மட்டும் சீராக அசைந்தால் சரி. நல்ல தண்ணீரில் விட்டதும் ஐந்து நிமிடத்துக்குள் நிமிர வேண்டும். நிமிரத் தாமதமானால் மருந்தைக் குறையுங்கள். செவுள் அசைவு நின்றால் அந்த மீனை உடனே நல்ல தண்ணீரில் முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். இருவர் குத்தினால் ஒரு தடவைக்கு முப்பது நாற்பது மீனுக்கு மேல் மயக்கத் தொட்டியில் போடாதீர்கள். கடைசி மீன் பத்து நிமிடம் ஊறிக் கிடந்தால் அது எழாது. மயக்கத் தண்ணீரிலும் காற்றுக் குழாய் வேண்டும், சளி கட்டியதும் தண்ணீரை மாற்றுங்கள்.

குத்தும் இடத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. வலைத்தளங்களில் கிடைக்கும் படங்கள் சால்மனுடையவை. சால்மனின் இடுப்புத் துடுப்பு வயிற்றின் நடுவில் இருக்கும், அதற்கு முன்னால் குத்துவார்கள். திலாப்பியாவுக்கு அந்தத் துடுப்பு மார்புத் துடுப்புக்குக் கீழேயே, முன்னே தள்ளி இருக்கிறது. சால்மன் படத்தைப் பார்த்து அதற்கு முன்னால் குத்தினால் நெஞ்சுக்குள் போகும், இதயம் அங்கேதான். திலாப்பியாவில் இடுப்புத் துடுப்பின் அடிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, வயிற்றின் மையக் கோட்டில் குத்த வேண்டும். ஈரக் கையுறை போட்ட இடது உள்ளங்கையில் மீனை மல்லாக்கப் படுக்க வையுங்கள், முதுகு முள் விரல் இடுக்கில் போகட்டும், தலை உங்களுக்கு எதிர்ப்பக்கம். ஊசியைத் தலைப்பக்கம் பார்க்க 45 டிகிரி சாய்த்து உள்ளே விட்டு, அழுத்தி, "ஒன்று" என்று எண்ணி வெளியே எடுங்கள். அவசரமாக இழுத்தால் எண்ணெய் துளையோடு வெளியே வந்து தண்ணீரில் மினுக்கும். அப்படி மினுக்குவதைப் பார்த்தால் பாதி மருந்து குளத்துக்கு என்று அர்த்தம்.

ஊசி 25 கேஜ், 0.5 மில்லிமீட்டர் தடிமன். நீளம் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி தடுப்பு இருக்க வேண்டும். தடுப்போடு வரும் ஊசி கிடைக்காவிட்டால் ஊசியின் பிளாஸ்டிக் உறையை அளவாக நறுக்கி மேலே மாட்டலாம். சரியான நீளம் எது என்பதை மீனே சொல்லும்: மயக்கம் அதிகமாகிச் செத்த குஞ்சு பத்தை எடுத்து, பலகாரத்துக்குப் போடும் நீலச் சாயத்தை மருந்தளவில் குத்துங்கள். பக்கவாட்டில் வெட்டித் திறங்கள். நீலம் குடலின் மேலும் உறுப்புகளுக்கு இடையிலும் பரவியிருந்தால் சரி. தசைக்குள் கோடாக நின்றால் ஊசி குட்டை. அங்கே மருந்து தங்கினால் கட்டி வரும், பாதுகாப்பும் குறையும். குடலுக்குள்ளேயே நீலமாக இருந்தால் ஊசி நீளம். பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகு உயிருள்ள மீனைத் தொடுங்கள். தம்பி மகன் கோழிக்குக் குத்திப் பழகியவன் என்றால் இந்தப் பத்து மீனுக்குள் கை பிடிபட்டுவிடும்.

ஐநூறு மீனுக்கு ஒரு முறை ஊசி மாற்றுங்கள், தரையில் விழுந்தாலோ முள்ளில் முட்டி வளைந்தாலோ உடனே மாற்றுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடியும் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கை மணிக்கு 500 குத்தினாலே நல்லது. இருவர் என்றால் 4,000 மீன் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் இரண்டு காலையாகப் பிரியுங்கள், இரண்டாம் காலைக்குப் புதுப் பாட்டில். அதனால் மருந்து வாங்கும்போதே சிறிய பாட்டில் இரண்டாக வருமா என்று கேளுங்கள். மயக்கம் தெளியும் தொட்டியில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு போட்டால் மீனின் உடம்பு உப்பிழப்பு குறையும். மாலையில் கைப்பிடித் தீவனம், மறுநாளிலிருந்து வழக்கம் போல.

நூற்றுக்கு ஒன்று செத்தால் வழக்கம்தான். முதல் நாளே கூடுதலாகச் செத்தால் மயக்கமோ கைப்பிடியோ கடுமையாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து வயிறு சிவந்து செத்தால் ஊசி அழுக்கு, அல்லது குஞ்சு வரும்போதே கிருமி சுமந்து வந்திருக்கிறது. சாகும் மீனை மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அறுவடையில் வயிற்றைக் கிழித்தால் உறுப்புகள் மெல்லிய சவ்வால் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். எண்ணெய் மருந்தின் வழக்கமான அடையாளம் அது, கெட்டியாக ஒட்டி உரிக்கவே வராவிட்டால்தான் அளவு கூடியிருக்கிறது என்று பொருள்.

முதல் ஆண்டில் ஒரு கூண்டை ஊசி போடாமல் விட்டுப் பார்க்கச் சொல்வேன். மனம் வராது, தெரியும். ஆனால் அது இல்லாமல் ஊசி பலித்ததா, வெயில் குறைவாக இருந்ததா என்று சொல்ல முடியாது. போட்ட கூண்டில் நூற்றுக்கு 8, போடாததில் 32 செத்தால், 8-ஐ 32-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழியுங்கள்: நூற்றுக்கு 75 பாதுகாப்பு.

செலவு எதுவரை தாங்கும்? போன வருடச் சாவு 900. ஊசி அதில் பாதியைக் காப்பாற்றினால் 450 மீன், அரைக் கிலோ வீதம் 225 கிலோ, உங்கள் விலையில் 2,475 வெள்ளி. அந்த மீன்கள் 250 கிராமிலிருந்து 500-க்கு ஏற, ஒரு கிலோ எடைக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்று வைத்தால், இன்னும் 169 கிலோ தீவனம், 845 வெள்ளி. மிச்சம் 1,630. அதை 4,000 மீனால் வகுத்தால் மீனுக்கு 40 சென். மருந்து, கூலி, கிராம்பு எண்ணெய் எல்லாம் சேர்த்து 40 சென்னுக்குள் அடங்கினால் போடுங்கள். தொட்டியின் விலையை இதில் சேர்க்கவில்லை, அது பல வருடம் உழைக்கும். 40-க்கு மேலே போனால் அந்தப் பணத்தைக் கூண்டு நெருக்கத்தைக் குறைப்பதிலும் காற்று இயந்திரத்திலும் போடுவதுதான் புத்தி.

குத்துபவரின் விரலுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் மருந்து தவறி மனிதர் கையில் ஏறினால், ஒரு துளிதானே என்று விடாதீர்கள். எண்ணெய் விரலுக்குள் வீங்கி இரத்த ஓட்டத்தை அடைக்கும், விரலே போகலாம். வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே மருந்துச் சீட்டோடு தாப்பா மருத்துவமனைக்குப் போய் "எண்ணெய்த் தடுப்பூசி ஏறிவிட்டது" என்று சொல்லுங்கள். மீனைப் பிடிக்கும் விரலுக்குத் தடித்த விரலுறை மாட்டினால் பாதி விபத்து குறையும்.

தடுப்பூசி போட்ட மீனைச் சாப்பிடலாமா என்றால், தாராளமாக. உள்ளே போனது செத்த கிருமி, 25 கிராமில் போட்டது, அறுவடைக்குள் மாதக்கணக்கு ஓடிவிடும். சீட்டில் காத்திருப்பு நாள் எழுதியிருந்தால் அதை மட்டும் பாருங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது ஊசி போடாத, நோயுள்ள மீனுக்கு. சிங்கப்பூரில் 2015-இல் பச்சை நன்னீர் மீன் தின்றவர்களுக்கு இதே அகலாக்டியேவின் எஸ்.டி. 283 என்ற வகை தொற்றி, மூளை உறை வரை போனது. அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே உணவுக்கடைகளில் பச்சை நன்னீர் மீன் பரிமாறுவதையே தடை செய்தார்கள். நம் வீடுகளில் பொரித்தோ குழம்பு வைத்தோ நன்றாக வேகவைத்துத் தின்பதால் சாப்பாட்டில் கவலை இல்லை. ஆனால் கண் பிதுங்கியதை "வீணாகப் போகிறதே" என்று எடுத்து ஆய்கிறவர்களுக்குக் கையில் முள் குத்தும். சர்க்கரை நோய் உள்ளவரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் அந்த மீனை ஆய விடாதீர்கள். செத்தது எல்லாம் சுண்ணாம்புக் குழிக்கு.